ஓ.எச்.சி.யில் இருப்பவர் யார்?

சேரப்பணஞ்சேரியைத் தொட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என நீளும் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்டில் ஒருவருக்கு மூச்சிரைத்தால், கம்பெனியின் தொழில்சுகாதார மையமான ஓ.எச்.சி.க்குத்தான் அனுப்புவார்கள். டாக்டர் இல்லாத நேரத்தில் அங்கே முடிவெடுப்பவர் நர்ஸ். அவருடைய பதவிப் பெயர் ஸ்டாஃப் நர்ஸ், இண்டஸ்ட்ரியல் நர்ஸ், பாராமெடிக் என்று ஆளெடுத்த ஏஜென்சியைப் பொறுத்து மாறும். பெயர் எப்படியும் இருக்கட்டும். அவர் நர்சிங் கவுன்சிலில் பதிவானவரா, தொழில்நோய்களில் பயிற்சி பெற்றவரா என்ற இரண்டையும் பதிவேட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிய வேண்டும். 1926ஆம் ஆண்டின் மதராஸ் சட்டத்தில் தொடங்கிய நம் மாநிலப் பதிவேடு முதல் கேள்விக்குத்தான் பதில் வைத்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்பது வாகன ஆலைகளின் பெயிண்ட் ஷாப்பில் புரியும். இரண்டு பொருள்களைக் கலந்து அடிக்கும் பெயிண்ட்கள் பலவற்றின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது; மூச்சுத்திணறல் சில சமயம் வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து வரும், விடுமுறையில் தணியும். நெபுலைசர் வைத்து அனுப்பிவிடுபவருக்கு அது வெறும் வீசிங். எந்த லைனில் வேலை, எத்தனை மாதமாக, ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது என்று கேட்பவருக்கோ அது தொழில்நோயாகத் தெரியும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், தெரிவித்தே ஆகவேண்டியவை என்று பட்டியலிட்ட 29 நோய்களில் ஐசோசயனேட் நச்சும் உண்டு, இரைச்சலால் வரும் காதுகேளாமையும் உண்டு. தெரிவிக்கும் கடமை நிர்வாகத்துக்கும் டாக்டருக்கும் உண்டு. ஆனால் நர்ஸுக்குச் சந்தேகமே வராவிட்டால் டாக்டரின் மேசைக்கு எதுவும் போகாது.

அபாயத் தொழிற்சாலைகளுக்கான மத்திய அரசின் மாதிரி விதிகள் டாக்டரிடம் தொழில்சுகாதாரத்தில் மூன்று மாதப் பயிற்சியையாவது எதிர்பார்க்கின்றன, அதற்கான ஏ.எஃப்.ஐ.எச். படிப்பைத் தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்திலேயே படிக்கலாம். பெரிய ஆலைகளில் வேலை நேரம் முழுதும் நர்ஸ் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. எந்தப் பயிற்சி பெற்ற நர்ஸ்?

பதிவு எண் திறமையைத் தந்துவிடுமா என்று கேட்பார்கள். தராது. ஆனால் தவறு நடந்தால் விசாரிக்கவும் பெயரை நீக்கவும் ஓர் அமைப்பு இருக்கும். ஏஜென்சி அச்சடித்த அடையாள அட்டைக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. தொழில்சுகாதாரத்துக்குத் தனித் தகுதி கட்டாயம் என்றால் ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ படித்து ஆண்டுக்கணக்கில் ஓ.எச்.சி.யில் உழைத்தவர்கள் வெளியே தள்ளப்படுவார்களே என்ற கவலை இதைவிடக் கனமானது. அவர்களைத் தள்ள வேண்டாம், குறுகிய பயிற்சியும் தேர்வும் வைத்து அவர்களையே முதலில் பதியலாம். பிரிட்டன் 2004 முதல் தொழில்சுகாதார நர்ஸ்களைப் பதிவேட்டின் தனிப் பகுதியில் குறித்துவருகிறது. இங்கே புற்றுநோய், தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் ஓராண்டு டிப்ளமோ வைத்திருக்கிறது. அந்த வழி தொழில்சுகாதாரத்துக்கும் பொருந்தும். 2023ஆம் ஆண்டின் தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் தேசியப் பதிவேட்டுக்கு இடம் தந்திருக்கிறது, அதில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுவது பெரிய காரியமல்ல.

செலவு என்ற ஆட்சேபம் சிறிய உதிரிபாக ஆலைகளுக்கு நியாயமானது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில்தான் ஆம்புலன்ஸ் அறை கட்டாயம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அந்த எண்ணை மாற்றவில்லை. சிறிய ஆலைகள் பல சேர்ந்து சிப்காட் வளாகத்துக்குள் ஒரு நர்ஸை வைத்துக்கொள்ளலாம். பெரிய கம்பெனிகளுக்கு இந்தச் சாக்கு செல்லாது. ஏஜென்சியோடு போடும் ஒப்பந்தத்தில் பதிவு எண்ணையும் பயிற்சிச் சான்றையும் கேட்டு இரண்டு வரி சேர்க்க, அவர்கள் எந்தச் சட்டத்திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.