கயிறு ஏற்றிவிடும் சிறகு

ஹேங் கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. அலுமினியக் குழாய்ச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய முக்கோணத் துணிச்சிறகு அது. ஓட்டுபவர் அதன் நடுவே வார்ப்பட்டையில் குப்புறத் தொங்குவார். எதிரிலுள்ள குறுக்குக் கம்பியைப் பிடித்து உடலை எந்தப் பக்கம் நகர்த்துகிறாரோ, அந்தப் பக்கம் சிறகு சாயும். உடல் எடைதான் சுக்கான். மலைச்சரிவு இருந்தால் ஓடிக் கிளம்பலாம். சமவெளியிலோ வேறொன்று இழுத்துத்தான் மேலேற்ற வேண்டும்.

இழுத்து ஏற்றுவது புதிய வழக்கமல்ல. ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன் நகரில் 1963இல் ஜான் டிக்கென்சன் உருவாக்கிய சிறகு, கிளாரன்ஸ் ஆற்றில் மோட்டார் படகு இழுக்கத்தான் பறந்தது. இன்றைய ஹேங் கிளைடரின் முன்னோடியாக அது கருதப்படுகிறது. பின்னர் வின்ச் எனப்படும் கயிறு சுற்றும் உருளைகளும், வின்ச் பொருத்திய வண்டிகளும், இலகுரக விமானங்களும் படகின் வேலையைச் செய்யத் தொடங்கின. சாதாரண விமானத்தின் வேகத்தை இந்தச் சிறகு தாங்காது. அதனால் மிக மெதுவாகப் பறக்கும் டிராகன்ஃபிளை என்ற இழுவை விமானத்தை பாபி பெய்லி வடிவமைத்தார்.

இழுவைப் பறத்தலின் பெரிய ஆபத்துக்கு ‘லாக்-அவுட்’ என்று பெயர். பட்டம் விடும் சிறுவர்களுக்கு இது பழகிய காட்சி. ஒரு பக்கம் சாய்ந்த பட்டத்தின் நூலை இழுக்க இழுக்க, அது அந்தப் பக்கமாகவே தரையை நோக்கிப் பாயும். கிளைடரும் கயிற்றின் திசையிலிருந்து விலகிச் சாய்ந்தால், இழுவிசை அந்தச் சாய்வை மேலும் கூட்டும். ஓரளவுக்குமேல் உடல் எடையை எவ்வளவு நகர்த்தினாலும் சிறகு திரும்பாது. இதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். உயரம் இருந்தால் கயிற்றைக் கழற்றிவிட்டு மீளலாம். தரையருகே அதற்கு இடமில்லை.

இதற்கான முதல் தீர்வு கயிற்றைக் கட்டும் இடத்தில் இருக்கிறது. தொடக்க காலத்தில் கயிற்றைச் சட்டத்தில் மட்டும் கட்டினார்கள். இழுவிசை முழுவதும் சிறகின்மேல் விழ, தொங்குபவரின் எடையால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் டெக்சாஸைச் சேர்ந்த இயற்பியல் பேராசிரியர் டானல் ஹியூவிட் வேறு வழி சொன்னார். புவியீர்ப்பு சிறகையும் மனிதரையும் தத்தம் எடைக்கேற்ப இழுப்பதுபோல, கயிறும் இரண்டையும் பங்கிட்டு இழுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. சிறகின் நடுக்குழாயிலிருந்தும் ஓட்டுபவரின் வார்ப்பட்டையிலிருந்தும் வந்து கூடும் ‘பிரைடில்’ என்ற கவைக்கயிறு அதன் அடிப்படையில் பரவியது.

அடுத்தது, அதிகம் சர்ச்சைக்குள்ளான ‘வீக் லிங்க்’. இது வேண்டுமென்றே வலுக்குறைவாகச் செய்த இழைக்கண்ணி. இழுவிசை அளவு மீறினால் சிறகு முறிவதற்கு முன் இது அறுந்துவிடும்; வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் செய்யும் வேலைதான். அமெரிக்காவில் 130 பவுண்டு வலுவுள்ள பின்னல் மீன்பிடி இழையின் வளையம் பல ஆண்டுகள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் ஒரே இழை பொருந்துமா என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி. விமானம் இழுக்கும் கிளைடர்களுக்கான அமெரிக்க விதியோ, கண்ணியின் வலுவைக் கிளைடரின் அதிகபட்ச எடையில் 80 முதல் 200 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது.

மெல்லிய கண்ணியை ஆதரிப்பவர்கள், தவறு நேர்ந்தால் அது சீக்கிரம் அறுந்து காப்பாற்றும் என்கிறார்கள். வலுவான கண்ணி கேட்பவர்கள் இரண்டு பதில் தருகிறார்கள். மூக்கு உயர்ந்து ஏறும்போது இழுவை சட்டென்று நின்றால், சிறகு வேகமிழந்து கவிழக்கூடும்; காரணமின்றி அறுவதும் ஆபத்தே. லாக்-அவுட்டோ, கண்ணி அறுமளவுக்கு விசை கூடுமுன்பே கைமீறிப் போய்விடலாம்.

அப்படியானால் ஓட்டுபவரைக் காப்பது கயிற்றைக் கழற்றும் ‘ரிலீஸ்’ கருவிதான். இங்கும் ஒரு சிக்கல் உண்டு. தோளருகே இருக்கும் பிடியை இழுக்க ஒரு கையை எடுத்தால், திருப்பும் வலு அந்தக் கணமே குறையும், சாய்வு கூடும். அதனால் குறுக்குக் கம்பியிலேயே சைக்கிள் பிரேக் பிடியைப் பொருத்துபவர்கள் உண்டு. பல்லில் கடித்த நூலை விட்டால் கழலும் அமைப்பும் உண்டு. ஊசி செருகிய உருளை வடிவ ரிலீஸில், வளைந்த ஊசி பாரம் ஏறும்போது இறுகக்கூடும் என்று நேரான ஊசியைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். ரிலீஸ் எந்த வகையானாலும், முழு இழுவிசையில் திறக்கிறதா என்பதைத் தரையிலேயே சோதித்துவிட வேண்டும். கழன்ற கவைக்கயிற்றின் நுனி இழுவைக்கயிற்றின் வளையத்தில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அதற்காகவே மறுமுனையில் இரண்டாவது ரிலீஸும், கையெட்டும் தூரத்தில் கொக்கிக் கத்தியும் வைத்துக்கொள்கிறார்கள்.

மற்றக் கருவிகளில் சர்ச்சை குறைவு. கிளம்பும் வேகம் வரும்வரை சிறகைத் தாங்கும் சக்கரவண்டி, நேராக ஓட உதவும் வால்துடுப்பு, குறுக்குக் கம்பியில் சக்கரங்கள் ஆகியவை புதியவர்களுக்கு நல்ல துணை. வார்ப்பட்டை சிறகில் மாட்டப்பட்டிருக்கிறதா என்ற சோதனையைப் பழகியவர்களும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

வீக் லிங்க் சிறகை உடையாமல் காக்கும், சாய்வைத் திருத்தாது. சிறகு கயிற்றின் நேர்க்கோட்டை விட்டு விலகி, திருத்தத்துக்கு உடனே திரும்பவில்லை என்றால், கண்ணி அறுவதற்குக் காத்திராமல் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும்.