கடல் கடக்கும் தாதியின் செலவுக் கணக்கு

நோயாளிக்குப் பணிவிடை புரியும் தாதியின் தகுதியை அரசாங்கச் சட்டத்தினால் வரையறுத்துக் காக்கும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழமை உடையது. தாதியரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதுவதற்கெனத் தனிச் சட்டம் 1901ஆம் ஆண்டில் நியூசிலாந்திலே தோன்றியது. இங்கிலாந்தில் அத்தகைய சட்டம் 1919ஆம் ஆண்டில் நிறைவேறியது. பதிவேட்டை ஒவ்வொரு நாடும் தனித்தனியே பேணுவதனால், ஒரு நாட்டிற் பெற்ற பதிவு மற்றொரு நாட்டிலே தானாகச் செல்லுபடியாவதில்லை. இலங்கையில் மூன்றாண்டு பயின்று, பத்தாண்டு சேவை செய்த ஒரு தாதியும் ஐக்கிய இராச்சியத்திலே தாதியாகப் பதிவு பெற விரும்பினால், அந்நாட்டார் விதித்த பரீட்சைகளிலே சித்தியெய்துதல் வேண்டும்.

இப்பரீட்சைகளுக்குப் பணஞ் சேர்க்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே முறையிற் கணக்கிடுகின்றன. பரீட்சைக் கட்டணங்களை வரிசையாக எழுதிக் கூட்டி, அத்தொகைக்கு மாதச் சீட்டெடுத்தோ, தாலிக்கொடியை அடைவு வைத்தோ பணந் தேடுகின்றன. இக்கணக்கு ஒவ்வொரு பரீட்சையிலும் முதன்முறையே சித்தி கிடைக்கும் என்னும் நம்பிக்கையின்மீது எழுந்தது. அந்நம்பிக்கை ஓரிடத்திற் பிழைத்தால், அடைவிலிருக்கும் நகைக்கு வட்டி ஏற, மறுபரீட்சைக்குப் பணமின்றித் தாதி இடைவழியில் நிற்க நேரும். ஆதலால் ஒவ்வொரு படிக்கும் மூன்று செய்திகளை அறிந்துகொள்ளல் வேண்டும்: அதன் கட்டணம் யாது, அதன் பெறுபேறு எவ்வளவு காலம் செல்லும், சித்தியெய்தாவிடின் மீண்டும் செலுத்தவேண்டியது எவ்வளவு.

ஐக்கிய இராச்சியத்தின் படிகளை இம்முறையில் நோக்கலாம். அங்கே பதிவேட்டைப் பேணுவது தாதியர், மருத்துவமாதர் பேரவையாகும். ஆங்கில அறிவுக்குச் சான்றாக அப்பேரவை ஏற்பவற்றுள் ஐஈஎல்டிஎஸ் என்னும் பரீட்சை ஒன்று. வாசித்தல், கேட்டல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 7 புள்ளியும், எழுதுதலில் 6.5 புள்ளியும் பெறுதல் வேண்டும். பெறுபேறு இரண்டாண்டுகளுக்கே செல்லும். பரீட்சையை எழுதிவிட்டு, அடுத்த படிக்குப் பணம் சேரட்டும் என்று காத்திருப்போர் இவ்விரண்டாண்டையும் கழியவிட்டால், செலுத்திய கட்டணம் முழுவதும் வீணாகும். எனவே அடுத்த இரு படிகளுக்குரிய பணம் கையில் வந்த பின்னரே ஆங்கிலப் பரீட்சைக்குத் தோற்றுதல் நன்று. ஒரு பிரிவிலே புள்ளி சிறிது குறைந்தவர் மனந்தளர வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதங்களுக்குள் இருமுறை எழுதிய பெறுபேறுகளை, எப்பிரிவிலும் வேண்டிய புள்ளிக்கு அரைப்புள்ளிக்கு மேற் குறையாதிருப்பின், இணைத்துக் காட்டப் பேரவை இடமளிக்கிறது. இரண்டாம் முறை எழுதுவதற்கான கட்டணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்தவருக்கே இச்சலுகை பயன்படும்.

அடுத்தது தகைமை ஆராய்வு. தாதியின் கல்வியையும் பதிவையும் பரிசோதிப்பதற்கு 2025ஆம் ஆண்டின் கட்டண விபரப்படி 140 பவுண் செலுத்தவேண்டும். கணினி மூலம் எழுதும் பரீட்சைக்குக் கட்டணம் 83 பவுண். இப்பரீட்சை இரு பகுதிகளையுடையது. முதற்பகுதியில் மருந்தளவுக் கணக்குகள் 15 வினாக்களாக வரும். இரண்டாம் பகுதியில் தாதிமை பற்றிய 100 வினாக்கள் வரும். ஒரு பகுதியில் மாத்திரம் தவறியவர் அப்பகுதியை மட்டும் மீண்டும் எழுதலாம். முதற்பகுதிக்கு 50 பவுணும், இரண்டாம் பகுதிக்கு 70 பவுணும் கட்டணமாகும். இவ்விரண்டையும் ஒப்பிட்டால், முழுப் பரீட்சையின் கட்டணத்துக்கு அண்மித்த தொகையையே இரண்டாம் பகுதிக்காக மீண்டும் செலுத்த நேர்கிறது என்பது புலனாகும். பயிற்சிக்குச் செலவிடும் சில வாரங்கள் இவ்விடத்திற் பணத்துக்கு ஈடாகும்.

மூன்றாவது, ஐக்கிய இராச்சியத்துக்குச் சென்று நேரிலே செய்துகாட்டும் செய்முறைப் பரீட்சை. பத்து நிலையங்களில் நோயாளியை மதிப்பிடுதல், பராமரிப்பைத் திட்டமிடுதல், மருந்து கொடுத்தல் முதலியவற்றைக் குறித்த நேரத்திற்குள் செய்தல் வேண்டும். கட்டணம் 794 பவுண். ஏழு அல்லது அதற்குக் குறைந்த நிலையங்களில் தவறியவர் அவற்றை மட்டும் மீண்டும் செய்ய 397 பவுண் செலுத்துவர். எட்டும் அதற்கு மேலுமாயின் முழுக் கட்டணத்தையும் மீண்டும் செலுத்துவர். ஒரு விண்ணப்பத்திலே மூன்று வாய்ப்புகளே உண்டு. மூன்றிலும் தவறினால் ஆறு மாதம் கழித்தே புதிதாக விண்ணப்பிக்கலாம். யாவும் முடிந்தபின் பதிவுக் கட்டணம் 153 பவுண்.

இனி இவற்றைக் கூட்டிப் பார்க்கலாம். ஆங்கிலப் பரீட்சையை நீக்கி, யாவும் முதன்முறையே கைகூடினால் மொத்தம் 1,170 பவுண். அதில் மூன்றிலிரண்டு பங்கிற்கு மேற்பட்டது செய்முறைப் பரீட்சை ஒன்றின் கட்டணமே. அப்பரீட்சையின் சில நிலையங்களில் ஒருமுறை தவறினால் மொத்தம் 1,567 பவுணாகும். பெரும்பாலானவற்றில் தவறினால் 1,964 பவுணாகும். ஆகவே அறிவுள்ள திட்டம் 1,170 என்னும் எண்ணோடு நில்லாது, 1,567 என்னும் எண்ணைத் தன் அடிப்படையாகக் கொள்ளும். மேலதிகம் செலவாகாது மிஞ்சினால், அது புதிய நாட்டில் முதல் மாத வீட்டு வாடகைக்கு உதவும்.

காலத்துக்கும் ஒரு விலையுண்டு. சுகாதார ஊழியருக்குரிய விசாவில் செல்பவர், குறித்த வேலைத் தொடக்க நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் செய்முறைப் பரீட்சைக்கு முதன்முறை தோற்றவும், எட்டு மாதங்களுக்குள் பதிவு பெறவும் வேண்டும். அரசாங்கச் சுகாதார சேவையிற் சேர்வோருட் பலருக்குப் பதிவு கிடைக்கும்வரை நான்காந் தரச் சம்பளமும், கிடைத்தபின் ஐந்தாந் தரச் சம்பளமும் வழங்கப்படுகின்றன. ஆதலின் ஒரு தவறுதலின் நட்டம் மறுபரீட்சைக் கட்டணத்தோடு முடிவதில்லை. குறைந்த சம்பளத்திற் கழியும் வாரங்களும் அதனுடன் சேரும்.

நாணய மாற்றத்தையும் மறத்தல் ஆகாது. அமெரிக்காவின் என்கிளெக்ஸ் பரீட்சைக்கு அடிப்படைக் கட்டணம் 200 டொலர். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. கட்டணம் ஒரு சதமேனும் உயராதிருக்க, 40,000 ரூபாவுக்கு முடியவிருந்த காரியம் இரண்டு மாதங்களில் 72,000 ரூபாவாகியது. அப்பரீட்சையை அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவோர் மேலும் 150 டொலரும் அதற்குரிய வரியும் செலுத்துவர். தவறியவர் 45 நாட் கழித்து மீண்டும் எழுதலாம். ஆனால் அங்கே பகுதி பகுதியாக எழுதும் சலுகை இல்லாமையால் முழுக் கட்டணத்தையும் மறுபடி செலுத்துதல் வேண்டும். ரூபாவில் தீட்டும் திட்டத்திலே நாணய வீழ்ச்சிக்கென ஒரு பங்கைத் தனியே ஒதுக்குதல் இதனால் இன்றியமையாததாகிறது.

இத்தொகை முழுவதையும் தாதியே சுமக்கவேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஐக்கிய இராச்சியத்தின் வைத்தியசாலைகள் பல, தாம் தெரிந்தெடுத்த தாதியருக்குச் செய்முறைப் பரீட்சைக் கட்டணத்தைத் தாமே செலுத்தி, அதற்குரிய பயிற்சியையும் அளிக்கின்றன. எனவே வேலை ஒப்பந்தத்திலே எக்கட்டணங்களை வைத்தியசாலை ஏற்கிறது, இரண்டாம் முறைக்கும் அது செலுத்துமா, குறித்த காலத்துக்கு முன் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கொடுக்கவேண்டும் என்னும் மூன்றையும் கையொப்பமிடுமுன் எழுத்தில் அறிதல் வேண்டும். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே கட்டணம் வாங்குவதை அந்நாட்டின் 1973ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. இலங்கையிலே வெளிநாட்டு வேலைக்கு ஆட்சேர்க்கும் முகவர், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். பரீட்சைக் கட்டணம் எனக் கூறி ஒருவர் பெருந்தொகை கேட்பின், அதனைப் பேரவையின் கட்டண விபரத்தோடு ஒப்பிட்டு நோக்கினால் உண்மை வெளிப்படும்.

பணஞ் சேர்ப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆங்கிலப் பரீட்சை, தகைமை ஆராய்வு, கணினிப் பரீட்சை ஆகியன ஒப்பீட்டளவிற் சிறிய செலவினங்கள். இவற்றைச் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்த பணத்தினாலேயே நிறைவேற்றுதல் இயலும். இம்மூன்றும் முடிந்து, வேலை ஒப்பந்தமும் கையில் வந்தபின், பெருஞ் செலவில் தமக்கு எஞ்சியது எவ்வளவு என்பது திட்டமாகத் தெரியும். கடன் வேண்டுமாயின் அப்போது, அவ்வளவிற்கு மட்டுமே பெறலாம். தொடக்கத்திலேயே முழுத் தொகையையும் வட்டிக்கு வாங்குபவர், ஆங்கிலப் பரீட்சையிலே தடைப்பட்டால், பயன்படாத பணத்துக்கும் வட்டி கட்டுவர். ஒவ்வொரு படியையும் கடந்தபின் அடுத்ததற்குப் பணம் செலுத்துபவருக்கோ, எப்படியில் நிற்க நேரினும், வீட்டிலுள்ளோரின் நகையும் நிம்மதியும் கைவிட்டுப் போவதில்லை.