எலும்பு காத்திருக்கும், தாய் காத்திருக்க மாட்டாள்

1984 செப்டெம்பர் 10ஆம் திகதி, இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி ஓர் எக்ஸ்ரே படத்தைக் கழுவி எடுத்துப் பார்த்தார். தம் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஒருவரதும் அவருடைய பெற்றோரதும் டி.என்.ஏ. அதில் கறுப்புக் கோடுகளாக விழுந்திருந்தது. கோடுகளின் அடுக்கு ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. ஆனால் பிள்ளையின் கோடுகளைத் தாயிடமும் தந்தையிடமும் தேடினால், ஒன்று விடாமல் இருவரில் ஒருவரிடம் இருந்தன. மரபணுக் கைரேகை பிறந்த கதை இதுதான். நான்கு மாதங்கள் கழித்து, 1985 ஜனவரியில், இலங்கையின் மன்னார் வங்காலையில் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் ஊராருக்குக் கிடைக்கவேயில்லை. அதன்பின் உள்நாட்டுப் போரில் இந்தக் கரையோரத்தில் காணாமல் போனவர்கள் ஏராளம். நாற்பது ஆண்டுகளில் அந்த விஞ்ஞானம் உலகெங்கும் ஆயிரக்கணக்கான எலும்புகளுக்குப் பெயர் கொடுத்துவிட்டது. மன்னாருக்குப் பெரிதாக எதையும் கொடுக்கவில்லை. கருவி இல்லை, காசு இல்லை, எலும்பு உக்கிவிட்டது என்று காரணம் சொல்வார்கள். உண்மையான குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, இந்தப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனிதர் எல்லோருடைய டி.என்.ஏ.யும் ஏறத்தாழ ஒன்றே. ஆயிரம் எழுத்துக்கு ஒன்றுதான் மாறும். ஆனால் சில இடங்களில் நான்கைந்து எழுத்துக்கள் கொண்ட சிறு துண்டொன்று, செபமாலை மணிகள்போல, திரும்பத் திரும்பக் கோத்திருக்கும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓர் இடத்தில் தந்தைக்கு 7, 9 என்றும் தாய்க்கு 6, 8 என்றும் இருந்தால், பிள்ளைக்குத் தந்தையிடமிருந்து ஓர் எண்ணும் தாயிடமிருந்து ஓர் எண்ணும் வரும்: 9, 6 என்று இருக்கலாம், 7, 9 என்று இருக்க முடியாது. ஓரிடத்தில் எண்கள் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். இருபது இடங்களில் பொருந்தினால் தற்செயல் என்று சொல்லவே இயலாது. எலும்பிலிருந்து இந்த எண்களை எடுப்பது பொறுமையான வேலை. தொடையெலும்பு, பல், காதின் உட்பகுதியைச் சூழ்ந்த கெட்டியான எலும்பு ஆகியவற்றில் ஒன்றைத் தெரிவு செய்வார்கள். தோண்டியவரின் வியர்வையும் எச்சிலும் கலந்திருக்கக்கூடும் என்பதால் மேற்பரப்பைச் சுரண்டி நீக்கி, உள்ளே இருப்பதை மாவாக அரைத்து, சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, மிஞ்சும் டி.என்.ஏ.யைப் பி.சி.ஆர். முறையில் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்குவார்கள். இத்தனைக்கும் பிறகு கையில் கிடைப்பது எண்களின் வரிசை ஒன்றுதான். பெயர் எலும்பில் எழுதப்பட்டிருக்காது. அது உயிரோடிருக்கும் உறவினரிடம் இருக்கிறது.

இந்த முறை வெற்றி கண்ட இடங்களை எல்லாம் எடுத்துப் பாருங்கள். ஒப்பிட மறுபக்கம் ஒருவர் இருந்திருப்பார். பிரித்தானியாவுக்குள் நுழைய மறுக்கப்பட்ட கானா நாட்டுச் சிறுவனை 1985இல் அவனுடைய தாயிடம் சேர்த்தது தாயினதும் உடன்பிறந்தோரதும் இரத்தம். அடுத்து லெஸ்டர் அருகே இரு சிறுமிகளின் கொலைவழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த இளைஞர் நிரபராதி என்று காட்டியதும், பின்னர் உண்மைக் கொலையாளியை உறுதிப்படுத்தியதும் இதே ஒப்பீடுதான். நம் பக்கத்தில், 2004 சுனாமிக்குப் பின் கல்முனையில் மீட்கப்பட்ட கைக்குழந்தைக்குப் பலர் உரிமை கோருவதாகச் செய்தி பரவியபோது, 2005 பெப்ரவரியில் பெற்றோரை உறுதிசெய்தது மரபணுப் பரிசோதனை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை தாய் தந்தையை அழைக்க விண்ணப்பிக்கும்போது தூதரகம் கேட்கும் டி.என்.ஏ. அறிக்கையும் இதுவே.

இனி மன்னாருக்கு வருவோம். 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரம் அருகே நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டு, எண்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. 2018 மார்ச்சில் மன்னார் நகர நுழைவாயிலில் சதொச விற்பனை நிலையக் கட்டடத்துக்காகத் தோண்டிய நிலத்தில் இன்னொரு புதைகுழி தெரியவந்து, சிறுவர்களுடையவை உட்பட முந்நூறுக்கு மேற்பட்டவை வெளியே வந்தன. அவற்றில் ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போயின. அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019இல் காபன் பரிசோதனை அறிக்கை வந்தது. அதோடு பலர் கதை முடிந்தது என்று எண்ணிவிட்டார்கள். முந்நூறுக்கு மேற்பட்டோரில் ஆறு மாதிரி போதுமா என்று குடும்பங்களின் சார்பில் கேள்வி எழுந்தது நியாயமே. எனினும் நான் சொல்ல வருவது அது அல்ல. அந்தப் புதைகுழி முழுவதும் பழையது என்றே வைத்துக்கொள்வோம். காபன் சொல்வது ‘எப்போது’ என்பதை. ‘யார்’ என்பதைச் சொல்லக்கூடியது மரபணு. நாளையே போர்க்காலத்து எலும்பு என்று ஐயமறத் தெரியும் ஒன்று கிடைத்தாலும், ஒப்பிட்டுப் பார்க்கக் குடும்பங்களின் மாதிரி வங்கி ஒன்று நம்மிடம் இல்லை. 2025இல் யாழ்ப்பாணத்தின் செம்மணியில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டபோதும், உடுப்பையும் பொருட்களையும் மக்கள் முன் வைத்து அடையாளம் கேட்க வேண்டியிருந்தது. ஒரே கடையில் ஒரே மாதிரிச் சட்டை ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள்.

எலும்பில் உள்ள டி.என்.ஏ. பல நூற்றாண்டுகளும் தாங்கக்கூடியது. ஆனால் 1990இல் மகனைத் தொலைத்த தாய்க்கு இன்று வயது எண்பதை எட்டியிருக்கும். தாயும் தந்தையும் மாதிரி கொடுத்தால் பொருத்தம் மிக உறுதியானது. அவர்கள் போய்விட்டால் உடன்பிறந்தோரை நாட வேண்டும். சகோதரர் இருவருக்கிடையே பொதுவானது சராசரியாகப் பாதிதான், சில வேளை அதிலும் குறைவு. வங்காலை, பேசாலை போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஊருக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுக்கும் இடங்களில், தூரத்து உறவினரின் எண்களும் நெருங்கி வரும், தாயிடமிருந்து மட்டுமே வரும் தாய்வழி டி.என்.ஏ. பல வீடுகளுக்குப் பொதுவாக இருக்கும். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு மாதிரி போதாது, மூன்று நான்கு வேண்டும். அண்ணன் தம்பி இருவரும் ஒன்றாகக் காணாமல் போயிருந்தால், பெற்றோரின் மாதிரியாலும் யார் எவர் என்று பிரிக்க முடியாது. அவர்களுடைய மனைவியும் பிள்ளையும் கொடுக்கும் மாதிரிதான் அதைப் பிரிக்கும். தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் விடையை மங்கலாக்குகிறது.

இது நடக்கக்கூடிய காரியமே என்பதற்குச் சான்று உண்டு. ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி பறித்த பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமார், பெற்றோர் கொல்லப்பட்ட நிலையில் பாட்டியின் இரத்தத்தைக் கொண்டே பேரனை அடையாளம் காணலாமா என்று விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். அதன் பயனாக 1987இல் தேசிய மரபணு வங்கி சட்டப்படி அமைந்தது. இதுவரை 130க்கு மேற்பட்ட பேரப்பிள்ளைகளின் அடையாளம் தெரியவந்திருக்கிறது. பொஸ்னியாவில் 1995இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்டவர்களின் எலும்புகளை இயந்திரத்தால் அள்ளி வேறு குழிகளுக்கு மாற்றிவிட்டார்கள். ஒருவருடைய எலும்புகள் பல குழிகளில் சிதறின. அங்கும் ஆயிரக்கணக்கான உறவினரிடம் இரத்தம் சேகரித்து ஒப்பிட்டதில், ஏறத்தாழ எண்ணாயிரம் பேரில் பெரும்பாலானோர் பெயரோடு அடக்கம் செய்யப்பட்டார்கள்.

மாதிரி கொடுப்பது மரணத்தை ஒப்புக்கொள்வதாகாதா என்று தாய்மார் கேட்கிறார்கள். “உயிரோடு கையளித்த பிள்ளையை உயிரோடு தா” என்பதே அவர்களின் கோரிக்கை. அதை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஆர்ஜென்டினாவின் வங்கி தேடியது உயிரோடிருக்கும் பிள்ளைகளையே. போரின் கடைசி நாட்களில் பிரிந்து, வேறு பெயரில் வளர்ந்த பிள்ளை ஒன்று நாளை தன் தாயைத் தேடி வந்தால், அந்தத் தாயின் மாதிரிதான் கதவைத் திறக்கும். அடுத்த கேள்வி இன்னும் கடினமானது: பிள்ளையைக் கொண்டுபோன அரசிடமே இரத்தத்தையும் கொடுப்பதா? அந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. வாக்குறுதியால் அதைப் போக்க முடியாது. மாதிரியைப் பெயரின்றிக் குறியீட்டு எண்ணில் வைக்க வேண்டும். அடையாளம் காண்பது தவிர வேறெதற்கும் அதைப் பயன்படுத்துவது குற்றம் என்று சட்டம் சொல்ல வேண்டும். மாதிரியில் ஒரு பாதி நாட்டுக்கு வெளியே சுயாதீன நிறுவனமொன்றின் பொறுப்பில் இருக்க வேண்டும். குடும்பம் கேட்டால் அழித்துவிடும் உரிமையும் வேண்டும். எலும்பின் மரபணு கொலையாளியைக் காட்டாதே என்பவர்களுக்கும் பதில் உண்டு: காட்டாதுதான், ஆனால் இறந்தவர் யார் என்று தெரியாத வழக்கில் அவரைக் கடைசியாக யார் கொண்டுபோனார் என்ற கேள்வியையே நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது.

ஆகவே வேலையின் ஒழுங்கை மாற்ற வேண்டும். குழி கிடைத்தபின் உறவினரைத் தேடுவது என்ற வழக்கம் போய், மாதிரி சேகரிப்பு முதலில் நடக்க வேண்டும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுக்கலாம். விரல் நுனி இரத்தத்துளியைக் காகித அட்டையில் உலரவைத்தால் குளிர்சாதனப் பெட்டிகூட இல்லாமல் பல ஆண்டுகள் இருக்கும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இதைச் செய்யலாம். அதன்மேல் நம்பிக்கை இல்லையென்றால் மறைமாவட்டமும் குடும்பங்களின் சங்கங்களும் சர்வதேச நிறுவனமொன்றின் துணையோடு தொடங்கலாம். மிக முதியவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். தோண்டுவதற்கு நீதிமன்ற உத்தரவும் நிதியும் வரும்வரை எலும்பு காத்திருக்கும். அதற்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள்தான் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு போகிறார்கள்.