உங்களுக்குத் தெரியுமா? ஆல்டோவுக்குள் அடங்காத அலை

மதுரை மேலூர் சாலையில் பாட்டு அதிர ஓடும் சின்னக் கார்களில் ஓர் அடி திம்மென்று இறங்கும். அடுத்த அடி காணாமல் போகும். பெரும்பாலும் ஊஃபர் மேல் பழியில்லை. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும். மதுரை வெயிலில் அந்த ஒலியலையின் நீளம் சுமார் 8.5 மீட்டர். மாருதி ஆல்டோ 800-இன் மொத்த நீளமே 3.5 மீட்டருக்குள்தான்! அலை விரிய இடமில்லாததால் உள்ளிருக்கும் காற்று மொத்தமாக அமுங்கி விரிகிறது. மிகத் தாழ்ந்த ஒலி கூடுதலாகவே முழங்கும். 70, 80 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வம்பு. முன்னும் பின்னும் மோதித் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடும், இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். ஓட்டுபவர் தலை அங்கே இருந்தால் போச்சு. புது ஆம்ப்ளிஃபயருக்குக் காசைக் கொட்டுமுன், டிக்கியிலுள்ள ஊஃபர் பெட்டியைப் பின்கதவைப் பார்க்கத் திருப்பிப் பாருங்கள். ஊஃபரின் பிளஸ், மைனஸ் வயரை மாற்றிப் போட்டும் கேளுங்கள். கதவு ஸ்பீக்கரோடு முட்டிக்கொண்டிருந்த பேஸ் சேர்ந்து ஒலிக்கக்கூடும்.