சுவருக்குமா வாடகை?

பவுர்ணமிக்குப் பவுர்ணமி கிரிவலக் கூட்டம் பெருகப் பெருக, எங்கள் திருவண்ணாமலையில் மாட வீதிகளிலும் ஒத்தவாடைத் தெருவிலும் கடை வாடகை ஏறிக்கொண்டே போகிறது. வீட்டோடு தையல், ஊறுகாய் என்று செய்து வந்த பெண்கள் சின்னதாக ஒரு கடை பிடிக்கப் போனால், 'சதுர அடி இவ்வளவு' என்கிறார்கள். எதை அளந்து சொல்கிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

என் நாத்தனாருக்குத் தையல் கடை வைக்க இடம் பார்த்தோம். 180 சதுர அடி, அடிக்கு 40 ரூபாய், மாதம் 7,200 என்றார் கட்டடச் சொந்தக்காரர். உள்ளே நின்றால் அவ்வளவு இருக்கிற மாதிரி தெரியவில்லை. தையல்காரி கையில் இஞ்ச் டேப்புக்கா பஞ்சம்? அளந்தோம். உள்ளே 12 அடிக்கு 10 அடி. 120 சதுர அடிதான்!

மீதி 60 எங்கே போச்சு? அவர் கோபப்படாமல் கணக்குச் சொன்னார். நாலு பக்கமும் முக்கால் அடி கனச் சுவரைச் சேர்த்தால் பதிமூன்றரைக்குப் பதினொன்றரை, அதாவது 155. மாடிப்படி, நடை, பொதுக் கழிப்பறையில் எங்கள் பங்கு 25. "எல்லாருமே இப்படித்தாம்மா போடறாங்க" என்றார். பெரிய ஊர்களில் 'சூப்பர் பில்ட் அப் ஏரியா' என்பதும் இதே கணக்குதான். இருக்கட்டும், பக்கத்துக் கடைக்கும் எங்களுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். அதற்கு அவர்களும் முழு வாடகை, நாங்களும் முழு வாடகையா? முன்பக்கம் வெறும் ஷட்டர். அங்கேயும் சுவர்க் கணக்கு! 7,200-ஐ 120-ஆல் வகுத்தால் அடிக்கு 60 ரூபாய் விழுகிறது. கட்டிங் டேபிளைச் சுவருக்குள்ளேயா போட முடியும்?

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், புதிதாகக் கட்டி விற்கிற வீடு, கடைகளுக்கு 'கார்ப்பெட் ஏரியா' என்ற உள் அளவைச் சொல்லச் சொல்கிறது. வாடகைக் கடைக்கு அது கிடையாது. ஆகவே ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறோமோ அதுதான் பேசும். தமிழகத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். 'கடை ஒன்று' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள் தோழிகளே. உள் அளவு எவ்வளவு, பொதுப் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். நாளைக்கே அடிக்கு 5 ரூபாய் ஏற்றினால் 180-க்கு 900 ஆகும், 120-க்கு 600தான். மின் மீட்டர் தனியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயில் இடத்துக் கடை என்றால் வேறு வழி. அறநிலையச் சட்டம் 34-ஏ பிரிவின்படி, குழு ஒன்று வெளிச் சந்தை வாடகையைப் பார்த்து நிர்ணயிக்கும். 3 வருடத்துக்கு ஒருமுறை மாற்றும்.

எங்கள் கடைக்காரர் கடைசியில் சுவரை விட்டுக்கொடுத்தார். 145 அடிக்கு 5,800 ரூபாய். அட்வான்ஸில் ஒரு பைசா குறைக்கவில்லை. அந்தக் கழிப்பறைச் சாவி மட்டும் இன்னமும் அவர் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது; பங்கு வாடகை மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது!

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.