அரைப்பேர் போடாத ஆண்டவர்

பதுளையிலிருந்து பசறை வழியாக மட்டக்களப்புத் திசை நோக்கிச் சரிந்து செல்லும் நெடுஞ்சாலையில், பிபிலையின் தாழ்நிலத்தை எட்டுமுன் வரும் மலைச்சிற்றூர் லுணுகலை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். காலைப்பனி விலகும் வரையில் எதிர்மலை தெரியாது. விலகிய பின்னரோ, கொழுந்துக் கூடைகள் வரிசையாக ஏறுவது மட்டுமே கண்ணில் படும். அங்கே போதகர் வர இயலாத ஞாயிறுகளில் என் போன்ற ஆசிரியர் ஒருவர் பிரசங்கம் செய்வதுண்டு. அத்தகைய ஒரு ஞாயிறன்று நான் எடுத்துக்கொண்ட பகுதி, மத்தேயு சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் வரும் தாலந்துகளின் உவமை.

உவமை யாவரும் அறிந்ததே. தூரதேசம் புறப்படும் எசமான் ஒருவன், தன் ஊழியர் மூவரிடம் முறையே ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைக்கிறான். முதல் இருவரும் வாணிகம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் நிலத்தைத் தோண்டிப் புதைத்து வைக்கிறான். எசமான் திரும்பி வந்ததும் தண்டனைக்கு உள்ளாகிறான். கடவுள் கொடுத்த திறமையை வீணாக்கலாகாது என்று, பல்லாண்டுகளாகச் சொல்லி வந்ததையே அன்றும் சொல்லி முடித்தேன்.

ஆராதனை கலைந்த பின், நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் வாசலில் என்னை நிறுத்தினார்.

"சேர், அந்த ஒத்தத் தாலந்துக்காரனை நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு. குடுத்ததே கொஞ்சம். எசமானும் நம்ம பழைய தொரைமாருக மாதிரிப் பொல்லாதவரு. பயந்துதானே புதைச்சான்? எனக்கு மட்டும் என்னா தாலந்து இருக்கு? கொழுந்து எடுக்கத் தெரியும். அதுலயும் கிலோ கொறஞ்சா அரைப்பேருதான்."

தோட்டத்து வழக்கை அறியாதவர்களுக்கு ஒரு சொல்: அங்கே ஒரு நாள் வேலை என்பது ஒரு 'பேர்'. செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி உண்டு. குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக்கூலி. முழு நாளும் மழையில் நனைந்து மலையேறி இறங்கியவளின் உழைப்பைப் பாதி என்று எழுதிவிடும் கணக்கு அது. அந்த அம்மையாரின் கேள்விக்கு அன்று நான் உடனே விடை சொல்லவில்லை. வீடு திரும்பி, வேதப் புத்தகத்தை மீண்டும் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு மாணவனைப் போல உட்கார்ந்தேன்.

முதலில், கொடுத்தது கொஞ்சந்தானா? தாலந்து என்பது நாணயம் அன்று, நிறை. ஒரு தாலந்து வெள்ளி ஏறக்குறைய ஆறாயிரம் தெனாரியத்துக்குச் சமம். ஒரு தெனாரியமோ அக்காலத்துக் கூலியாளின் ஒருநாட் கூலி. ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை எனக் கொண்டால், ஒரே ஒரு தாலந்து என்பது இருபது ஆண்டுக் கூலி. நம் மலைநாட்டு மொழியிற் சொன்னால், செக்ரோலில் ஆறாயிரம் முழுப்பேர்! மிகக் குறைவாகப் பெற்றவன் என்று நாம் இரங்கும் அந்த மூன்றாமவன், தன் கையால் ஒருசேரக் கண்டிராத பெருஞ்செல்வத்தையே பெற்றான். கடவுளின் கையிலிருந்து சிறிய கொடை என்று ஒன்று புறப்படுவதில்லை. பக்கத்திலிருப்பவனுடைய ஐந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் நம்முடைய ஒன்று சிறுத்துப் போகிறது.

அடுத்து, எசமான் பொல்லாதவனா? விதைக்காத இடத்தில் அறுப்பவன் என்று அவனைக் குறை கூறுகிறவன் அந்த மூன்றாம் ஊழியன். அவன் மனத்திலிருந்த எசமானின் உருவம் அது. கங்காணியின் அதட்டலுக்கும் துரையின் குதிரைக் குளம்பொலிக்கும் நடுங்கிய பரம்பரையில் வந்தவர்களுக்கு, ஆண்டவரையும் அதே சாயலில் காண்பது எளிது. ஆனால் அதே மத்தேயு சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில் இன்னொரு எசமான் வருகிறார், திராட்சைத் தோட்டக்காரர். மாலையில் வந்து ஒரு மணி நேரமே வேலை செய்தவனுக்கும், விடியற்காலையில் வந்தவனுக்குக் கொடுத்த அதே தெனாரியத்தைக் கொடுக்கிறார் அவர். அரைப்பேர் போடத் தெரியாத தோட்டக்காரர்! தாலந்து உவமையிலும் அதுவே நிகழ்கிறது. இரண்டைப் பெற்று இரண்டைச் சேர்த்தவனுக்கும், ஐந்தைப் பெற்று ஐந்தைச் சேர்த்தவனுக்கும் கிடைக்கும் பாராட்டில் ஒரு சொல்லேனும் குறைவில்லை. மூன்றாமவனை வீழ்த்தியது திறமைக் குறைவன்று. தன் எசமானைத் தவறாக அறிந்ததால் பிறந்த அச்சமே.

இனி, தாலந்து என்பது எது? பாடகர் குழுவிற் பாடுவதும் ஞாயிறு பாடசாலையிற் கற்பிப்பதுமே இறைவனுக்குரிய திறமைகள் என்று எண்ணுவோர் நம்மிற் பலர். தமிழ்க் கிறித்தவ வரலாறு அப்படிச் சொல்லவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்திற் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் திருமுழுக்குப் பெற்றார். இளமையில் கற்ற காவியப் புலமையை அவர் பழைய சட்டையெனக் கழற்றி எறிந்துவிடவில்லை. அந்தப் புலமையே, ஜான் பனியன் எழுதிய ஆங்கில நூலைத் தழுவி, 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காவியமாக மலர்ந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரோ சித்த மருத்துவர். மருத்துவத்தால் ஈட்டிய பொருளைத் தமிழிசை ஆராய்ச்சிக்குச் செலவிட்டு, தம் இல்லத்தில் இசை மாநாடுகள் கூட்டி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அவருடைய கொடை தேவாலயச் சுவருக்குள் அடங்கவில்லை; தமிழுலகம் முழுவதுக்கும் உரியதாயிற்று. ஏற்கெனவே கையிலிருப்பதைக் கண்டுகொள்வதும், அதைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் பிறர்க்கெனச் செலவிடுவதுமே இவ்விருவரும் நமக்குக் காட்டும் வழி.

இவ்வளவும் எழுதி வைத்த பிறகும், அம்மையாரின் கேள்வியில் ஒரு முள் எஞ்சியே நின்றது. கிருஷ்ணபிள்ளைக்கும் பண்டிதருக்கும் கல்வி வாய்த்தது. நம் மலைநாட்டு மக்களின் தாலந்தை அவர்களேதாம் புதைத்தார்களா? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் இவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்ததோ 2003ஆம் ஆண்டில். தோட்டப் பள்ளிக்கூடம் என்பது நெடுங்காலம் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. இத்தனை மண்ணைப் பிறர் மேலே அள்ளிப் போட்டுவிட்டு, 'ஏன் புதைத்தாய்?' என்று அந்த மூதாட்டியைக் கேட்க எனக்கு நா எழவில்லை.

ஆனால் புதைந்தது புதைந்தபடியே கிடக்கவேண்டும் என்பதில்லை. அதற்குச் சான்றாக நம் ஊவாவே ஒருவரைத் தந்திருக்கிறது.

1934ஆம் ஆண்டு பதுளைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில், தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாக, கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர் ஜோசப். கும்பகோணத்திலும் பின்னர்ப் பதுளையிலும் படித்தார். பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரின் முன்னே சூடிக்கொண்டு 'தெளிவத்தை ஜோசப்' ஆனார். புகழ் வந்ததும் ஊர்ப் பெயரை மறைப்பார் உண்டு. இவரோ தமது புகழுக்கு முன்னே ஊரை நிறுத்தினார். 1974இல் 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவல். 1979இல் 'நாமிருக்கும் நாடே' என்ற சிறுகதைத் தொகுதி. ஒற்றை அறை லயத்தில் ஒரு குடும்பம் முழுதும் நெருங்கி வாழ நேரும் அவலத்தை அவருடைய 'மீன்கள்' என்ற கதையில் படித்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். 2013ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022 ஒக்டோபரில் அவர் மறைந்தார்.

இவையெல்லாம் தம் தாலந்தைப் பெருக்கியதன் கணக்கு. அவரிடத்தில் நான் பெரிதும் மதிப்பது இன்னொரு கணக்கை. பழைய பத்திரிகைத் தாள்களிலும் மறைந்துபோன சிற்றிதழ்களிலும் சிதறிக் கிடந்த மலையக எழுத்தாளர்களின் கதைகளைப் பல்லாண்டுகள் தேடிச் சேர்த்தார். அவற்றுட் பலவற்றைத் தொகுத்து வெளிவரச் செய்தார். 2000ஆம் ஆண்டு 'மலையகச் சிறுகதை வரலாறு' என்ற நூலை எழுதினார். நூல் உருப்பெறாமலே எழுத்தை விட்டுவிட்டவர்கள், ஒரே கதையோடு ஓய்ந்தவர்கள் ஆகியோரின் பெயர்களையும் அவர் காலத்தின் கைக்குத் தப்புவித்தார். நாவல் எழுத வல்ல ஒருவர், தம் சொந்த நாவலுக்குரிய நாட்களை எடுத்துப் பிறருடைய கதைகளைத் தேடுவதில் செலவிடுவது எளிய காரியமா? உவமையில் இல்லாத நான்காவது ஊழியனாக அவரை நான் காண்கிறேன். அவன் தன் தாலந்தைக்கொண்டு வாணிகம் செய்தது மட்டுமன்றி, மண்ணுக்குள் கிடந்த மற்றவர்களின் தாலந்துகளையும் தோண்டி எடுத்து, மண்ணைத் துடைத்து, உரியவர் பெயரிட்டு எசமானின் முன் வைத்தான்.

இதை எழுதும்போது எனக்கு என் குற்றம் ஒன்று நினைவுக்கு வருகிறது. இளமையில் நான் கற்பித்த தோட்டப் பள்ளியொன்றில் ஒரு மாணவன் இருந்தான். கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில் எல்லாம் படம். கூடை சுமந்த பெண்கள், நெருப்புக் காயும் கிழவர்கள், தப்படிப்பவரின் விரல்கள். ஒருநாள், பரீட்சை நெருங்கிய சினத்தில், அந்தக் கொப்பியின் தாள்களை அவன் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். அவன் அழவில்லை, தாள்களைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். பரீட்சையிலும் அவன் தேறவில்லை. கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான்.

சில ஆண்டுகளுக்கு முன் பதுளை பஸ் நிலையத்தில் ஒருவர் என்னைக் கண்டு வணங்கினார். அவனேதான், நரை கண்டிருந்தது. பக்கத்தில் பத்து வயதுச் சிறுமி. "சேர், இவ நல்லாப் படம் கீறுவா. பள்ளிக்கூடத்துல யாராவது சொல்லிக் குடுப்பாங்களா?" என்று கேட்டார். என்னைக் குத்திக்காட்ட அவர் எண்ணவில்லை. அந்த முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கிழிந்த தாள் என் நெஞ்சில்தான் சலசலத்தது. மூன்றாம் ஊழியன் புதைத்தது தன் தாலந்தை. நான் புதைத்ததோ இன்னொருவனுடையதை. எசமான் கணக்குக் கேட்கும் நாளில் எங்கள் இருவரில் யாருக்குக் கடினமான கேள்வி காத்திருக்கிறது என்பதை நான் நன்கு அறிவேன். அந்தச் சிறுமிக்குச் சித்திரம் கற்பிக்க ஓர் ஆசிரியரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அது பரிகாரம் ஆகாது. கணக்கின் ஒரு வரியைத் திருத்தியது என்று மட்டும் சொல்லலாம்.

ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். தன் திறமையைத் தானே கண்டுகொள்பவர் சிலரே. பெரும்பாலோர்க்கு அதை முதலில் இன்னொருவர் கண்டு சொல்லவேண்டியிருக்கிறது. மூச்சைப் போலக் கூடவே இருப்பதால் அது தமக்குத் திறமையாகவே தோன்றுவதில்லை. ஆகையால், 'என் தாலந்து எது?' என்று கண்ணாடி முன் நின்று கேட்பதோடு அமையாமல், 'என் பக்கத்து வாங்கில் இருப்பவனுடைய தாலந்து எது?' என்றும் கேளுங்கள். கண்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு சொல் மண்வெட்டியாகும். புதைக்கவும் பயன்படும், தோண்டவும் பயன்படும்.

அடுத்த ஞாயிறு அந்த அம்மையாரைத் தேடிப் போனேன். வீட்டில் அவரைக் காணவில்லை. மேல் லயத்தில் படுக்கையாய்க் கிடக்கும் ஒரு மனிதனுக்குத் துணையாக இரவு முழுதும் விழித்திருந்துவிட்டு, அப்போதுதான் இறங்கி வந்துகொண்டிருந்தார். அந்தத் தோட்டத்தில் யார் வீட்டில் நோய் என்றாலும், சாவு என்றாலும், முதலில் அழைக்கப்படுகிறவர் அவர்தான் என்பது எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். தெரிந்தும், அதற்கு ஒரு பெயர் உண்டு என்று அவரிடம் நான் சொன்னதில்லை.

அன்று சொன்னேன். ஆறாயிரம் பேர்க் கணக்கையும் சொன்னேன். மாலையில் வந்தவனுக்கும் முழுப்பேர் போட்ட தோட்டக்காரரைப் பற்றியும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்ப, அவரு அரைப்பேரு போடமாட்டாருன்னு சொல்றீங்க" என்றார்.

"போடமாட்டார் அம்மா" என்றேன்.

"சரி சேர், செத்த நேரம் படுத்து எந்திரிக்கிறேன், ராவைக்கு மறுபடியும் போகணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார்.