காருக்கு எந்த எண்ணெய்?

பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். எஞ்சின் எண்ணெயை மாற்ற வேண்டும். பட்டறையில் இரண்டு வகை எண்ணெய்கள் இருக்கின்றன. ஒன்றின் விலை மற்றதைப் போல் இரண்டரை மடங்கு. மெக்கானிக் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கிறார். "இதுதான் சார் நல்ல கெட்டி. இதையே ஊற்றிவிடலாம்" என்கிறார். அவருடைய விரல் சொல்வதை நம்பலாமா?

வெல்லப்பாகு அடுப்பில் இருக்கும்போது இளகி ஓடுகிறது; ஆறினால் இறுகுகிறது. எண்ணெயும் அப்படித்தான். ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தடையைப் பாகுநிலை என்கிறோம். 20டபிள்யூ-50 என்ற கனிம எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 40° செ. வெப்பநிலையில் அதன் பாகுநிலை, சாதாரணத் தண்ணீரைப் போல் சுமார் 160 மடங்கு. 100° செ. வெப்பநிலையிலோ அது ஏறத்தாழ 18 மடங்காகக் குறைந்துவிடுகிறது. விரல் அறிவது 35° செ. அளவில் உள்ள எண்ணெயை. எஞ்சினுக்குள் அது வேலை செய்வதோ 100° செ. அளவில். ஆகவே விரல் தரும் சான்று இங்கே செல்லாது.

எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது, அதற்கும் பேரிங்குக்கும் இடையே எண்ணெய் மெல்லிய படலமாக நிற்கிறது. அதன் பருமன் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. எண்ணெய் மிகவும் இளகிவிட்டால் படலம் அறுந்து, உலோகம் உலோகத்தோடு உரசும். அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தாலோ, குறுகிய வழிகளில் விரைந்து செல்லாது. அதைத் தள்ளிச் சுழல்வதில் பெட்ரோலும் வீணாகும். எனவே கெட்டியான எண்ணெயே நல்ல எண்ணெய் என்பது சரியன்று; பொருத்தமான எண்ணெயே நல்ல எண்ணெய்.

பொருத்தத்தை டப்பாவின் மேலுள்ள எண்களே சொல்லும். 20டபிள்யூ-50 என்பதில் பின்னால் உள்ள 50, 100° செ. வெப்பநிலையில் உள்ள பாகுநிலையைக் குறிக்கும். 30 என்றால் தண்ணீரைப் போல் 9.3 முதல் 12.5 மடங்கு வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 மடங்கு வரை. 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. கடுங்குளிரில் எஞ்சினைத் தொடங்குவதற்கான சோதனை 20டபிள்யூ எண்ணெய்க்கு -15° செ. வெப்பநிலையிலும், 0டபிள்யூ எண்ணெய்க்கு -35° செ. வெப்பநிலையிலும் நடத்தப்படுகிறது.

சிக்கனத்துக்கு வழி இங்கேதான் இருக்கிறது. மதுரையிலோ திருச்சியிலோ -35° செ. குளிர் வரப்போவதில்லை. உங்கள் காரின் கையேடு 20டபிள்யூ வகையையும் அனுமதித்தால், நாம் காணாத குளிருக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கையேடு 0டபிள்யூ-20 போன்ற இளகிய எண்ணெயையோ, செயற்கை எண்ணெயையோ மட்டுமே குறிப்பிட்டால், அதற்கு மாறாகச் செய்யாதீர்கள். அந்த எஞ்சினின் இடைவெளிகளும் எண்ணெய் வழிகளும் அதற்கென்றே அமைக்கப்பட்டவை.

அடுத்து, ஏ.பி.ஐ. என்ற தரக்குறியைப் பாருங்கள். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு. 'சி' என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. பெட்ரோல் வகையில் எஸ்.எல். 2001-லும், எஸ்.என். 2010-லும், எஸ்.பி. 2020-லும் வந்தன. கையேடு எஸ்.எல். கேட்டால் எஸ்.என். ஊற்றலாம், எஸ்.என். கேட்கும் எஞ்சினுக்கு எஸ்.எல். போதாது.

இவ்விரண்டும் பொருந்திவிட்டால், விலை குறைந்த எண்ணெயை வாங்கத் தயங்க வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காருக்கு 3 லிட்டர் வேண்டும் என்றும், லிட்டர் விலை ஒன்றுக்கு 400 ரூபாய், மற்றதற்கு 1,000 ரூபாய் என்றும் கொள்வோம். மிச்சம் 1,800 ரூபாய். அந்தப் பணத்தில் இன்னொரு முறை எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிவிடலாம். கெடு தாண்டியும் மாற்றாமல் ஓடும் விலையுயர்ந்த எண்ணெயைவிட, காலத்தில் மாற்றிய மலிவான எண்ணெய் எஞ்சினை நன்றாகக் காக்கும்.

எண்ணெய் கறுத்துவிட்டதே என்று அஞ்ச வேண்டாம். கரியை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னுள் தாங்கிக்கொள்வதும் அதன் வேலைதான். மாற்றும் காலத்தை நிறம் சொல்லாது. கையேட்டில் உள்ள கிலோமீட்டரும் மாதக் கணக்குமே சொல்லும். அவற்றுள் எது முன்னதாக வருகிறதோ, அதுவே கெடு.

மாதம் இருமுறையாவது டிப்ஸ்டிக்கை எடுத்து எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். ஓடும்போது சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால், உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். "வீடு பக்கந்தானே" என்று ஓட்டினால், அந்தச் சில நிமிடங்களிலேயே பேரிங் தேய்ந்து எஞ்சின் இறுகிவிடலாம். அதைப் பிரித்துச் சீர்செய்யும் செலவில் பல ஆண்டுகளுக்கு எண்ணெய் வாங்கலாம்.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது, மறவாமல் கையேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.